‘உள்ளூர் ஆளைக் கொண்டு வா’ என்கிறவர்கள் கிருஷ்ணய்யரைப் படிக்கட்டும்

1973-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வி.ஆர். கிருஷ்ணய்யர் உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டபோது எதிர்ப்புக் குரல் கிளம்பிய இடங்களில் ஒன்று நாம் பிழைக்க வந்த இந்தப் பம்பாய். இந்த ஊரின் பெயர் பெற்ற வக்கீல்கள் சிலர் முகம் சுளித்தார்கள். கம்யூனிஸ்டு மந்திரிசபையில் மந்திரியாக இருந்தவர், சட்டசபைத் தேர்தலில் வீடு வீடாக ஓட்டுக் கேட்டவர், நாட்டின் உயர்ந்த நீதிபீடத்தில் அமரலாமா என்பது அவர்களுடைய கேள்வி. அதே வக்கீல்களில் சிலர் பின்னாளில் அவரை வாயாரப் புகழ்ந்தார்கள், அன்று எதிர்த்ததற்காக வருந்தவும் செய்தார்கள். அது அவர்களுடைய பெருந்தன்மை. ஆனால் கேள்வி சாகவில்லை. இன்றும் நம்மவர்களிலேயே நாலெழுத்துப் படித்தவர்கள், நீதிபதிக்கு அரசியல் வாடையே அடிக்கக் கூடாது, அரசியல் தெரியாதவனே நல்ல நீதிபதி என்று மேடையேறிப் பேசுகிறார்கள். கீழே உட்கார்ந்திருக்கிற நாமும் கை தட்டுகிறோம்.

கை தட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

1973-இல் எழுந்த சந்தேகத்துக்குக் காரணமே கிடையாது என்று நாம் சொல்ல வரவில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் மாதம்தான் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். நீதிபதிகளுக்கு அரசின் சமூகக் கொள்கையில் பிடிப்பு இருக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று வாதாடியவர் மோகன் குமாரமங்கலம். நம் சேலத்துப் பக்கத்து ஜமீன் வீட்டுப் பிள்ளை, சீமையில் படித்த பாரிஸ்டர், கம்யூனிஸ்டாக இருந்து காங்கிரஸ் மந்திரியானவர். அடுத்த மாதமே அவர் விமான விபத்தில் மாண்டார். இந்தக் கொந்தளிப்பு அடங்குவதற்குள் கிருஷ்ணய்யரின் நியமனம் வந்தது. ஆட்சியாளர் தமக்கு வேண்டியவரைக் கொண்டு வந்து வைக்கிறார் என்று ஒருவன் நினைத்திருந்தால் அவனை மூடன் என்று சொல்ல முடியாது.

இவர் எப்படிப்பட்டவர்? சீமைக்குப் போய் பாரிஸ்டர் பட்டம் வாங்கியவரல்லர். 1915-இல் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் வைத்தியநாதபுரத்தில் பிறந்தார். அன்று அது சென்னை மாகாணத்து மலபார் ஜில்லா. வீட்டில் தமிழ் பேசுகிற பாலக்காட்டு ஐயர் குடும்பம், தகப்பனாரும் வக்கீல். பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்துவிட்டுச் சென்னைச் சட்டக் கல்லூரியில் பி.எல். முடித்தார். தலைச்சேரியில் தொழில் நடத்தினார். ‘பார்த்தீர்களா, நம்ம ஆள்!’ என்று மீசையை முறுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் வாழ்ந்ததும் உழைத்ததும் மலையாள மண்ணில். அந்த மக்களே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள், சுமந்தார்கள், வழியனுப்பினார்கள். பிறப்பைச் சொல்லிப் பங்கு கேட்கிற பழக்கத்தை நாம் விட்டுவிடுவது நல்லது. நமக்கு அவரிடம் உள்ள உரிமை வேறு வகையைச் சேர்ந்தது. அதற்குப் பின்னால் வருவோம்.

மலபார் அன்று ஜன்மிகளின் காலடியில் கிடந்தது. குடியானவனும் தொழிலாளியும் செங்கொடியின் கீழ் எழுந்தபோது போலீஸ் தடியும் துப்பாக்கியுமாக வந்தது. பிடிபட்டவர்களுக்காகக் கோர்ட்டில் நிற்க வக்கீல் வேண்டுமே! நின்றவர்களில் கிருஷ்ணய்யர் ஒருவர். 1948-இல், கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்பதற்காக அவரையே பிடித்து உள்ளே போட்டார்கள். கட்சிக்காரனின் வழக்கை நடத்தியதற்கு வக்கீலுக்குச் சிறை! ஏறத்தாழ ஒரு மாதம் கம்பிக்குள் இருந்தார். சிறைச் சோறு எப்படியிருக்கும், வார்டர் எப்படிப் பேசுவான், இரவில் அடுத்த அறையிலிருந்து என்ன சத்தம் கேட்கும் என்பதெல்லாம் அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த சங்கதிகளல்ல.

1952-இல் கூத்துப்பறம்புத் தொகுதியில் சுயேச்சையாக நின்று சென்னைச் சட்டசபைக்கு வந்தார். 1957-இல் கம்யூனிஸ்டுகளின் ஆதரவோடு தலைச்சேரியில் வென்று, இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையில் சட்டம், சிறை, மின்சாரம், பாசனம் முதலிய துறைகளைப் பார்த்தார். அந்த மந்திரிசபை பதவியேற்று ஒரு வாரம் ஆவதற்குள் குடியானவனை நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம் போட்டது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் தகராறு வந்தால் முதலாளியின் ஏவலாளாகப் போலீஸ் போகாது என்று அறிவித்தது. இருபத்தெட்டு மாதம்கூட ஆளவிடவில்லை. 1959 ஜூலை 31-ஆம் தேதி டெல்லி அதைக் கலைத்தது. (தமிழ்நாட்டு ஆட்சி கலைக்கப்பட்ட 1976 ஜனவரி 31-ஐ மறக்காத நமக்கு, அந்த ஆயுதம் முதலில் எங்கெங்கே தீட்டப்பட்டது என்பதும் நினைவிருக்க வேண்டும்.) 1960 தேர்தலில் அவர் ஏழே ஏழு வாக்கில் தோற்றதாக அறிவித்தார்கள். வழக்குப் போட்டு, வாக்குகளை மறுபடி எண்ணவைத்து, வென்று சட்டசபைக்குத் திரும்பினார். 1968-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி, பிறகு சட்டக் கமிஷன் உறுப்பினர், அதன் பிறகு உச்ச நீதிமன்றம். 1980 நவம்பரில் ஓய்வு. 2014 டிசம்பர் 4-ஆம் தேதி கொச்சியில், தம் நூறாவது வயதில் காலமானார்.

சரித்திரம் இத்தோடு போதும். அந்த அரசியல் வாழ்க்கை நீதிபதியின் பேனாவுக்குள் இறங்கியபோது என்ன நடந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். அதற்கு ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். நமக்கு அவரிடம் உரிமை உண்டு என்று சொன்னோமே, அது இந்த வழக்கினால் வந்தது.

மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனார், ஏழை. கையில் கரண்டி, தலையில் முண்டாசு, அன்றாடம் காய்ச்சி. குற்ற வழக்கில் மாட்டி, மேல்முறையீடு செய்து, உச்ச நீதிமன்றம் வரை போய் ஜாமீன் உத்தரவும் வாங்கிவிட்டார். ஜாமீன் தொகையை நிர்ணயிக்கும் பொறுப்பு கீழே உள்ள மாஜிஸ்திரேட்டுக்கு. மாஜிஸ்திரேட் என்ன செய்தார்? 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார். 1978-இல் பத்தாயிரம் ரூபாய்! அந்தக் கொத்தனார் ஆண்டுக்கணக்கில் சுவர் எழுப்பினாலும் சேர்க்க முடியாத தொகை. சரி, அண்ணன் தம்பி இருக்கிறார், அவர் ஜாமீன் நிற்கிறேன் என்று வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, இந்த மாவட்டத்து ஆள்தான் வேண்டும் என்று அவரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேலே இருந்து விடுதலை உத்தரவு வந்தும் கொத்தனார் உள்ளேயே கிடந்தார். வேற்று மாநிலத்து ஆள்கூட அல்லர், பக்கத்து மாவட்டத்துச் சொத்துதான். அதற்கே இந்தக் கதி.

விஷயம் மறுபடியும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1978 ஆகஸ்ட் 24-ஆம் தேதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு நம் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மாட்டிவைக்கத் தக்கது. ஒரு கொத்தனாரிடம் பத்தாயிரம் கேட்பது மனச்சாட்சியை உலுக்குகிறது என்றார். அரசியல் சட்டம் கொத்தடிமைக்கும் நடைபாதையில் படுப்பவனுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது என்றார். அதற்கு மேலும் ஒரு படி போனார். மலையாளியோ கன்னடரோ தமிழரோ தெலுங்கரோ, பஸ்தாரிலோ போர்ட் பிளேரிலோ பஹல்காமிலோ டெல்லி சாந்தினி சவுக்கிலோ பிடிபட்டால் என்ன செய்வார், அந்த ஊரில் சொத்துள்ள ஆளை எங்கே போய்த் தேடுவார் என்று கேட்டார். வேலை தேடி வந்தவனாக இருக்கலாம், ஊர்வலத்துக்கு வந்தவனாக இருக்கலாம், அந்த ஊரில் ஒருவரையும் அறியாதவனாக இருக்கலாம் என்பதையெல்லாம் எண்ணிப் பார்த்து எழுதினார். உள்ளூர் ஜாமீன்தான் வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? வட்டார மொழியில் எழுதாத மனுவை ஏற்காதே என்று எந்தச் சட்டம் சொல்கிறது? இப்படிச் செய்வது இந்தியரை இந்திய மண்ணிலேயே அந்நியராக்குவது என்று அடித்துச் சொன்னார். குறைதீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்ற அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவையும் எடுத்துக் காட்டினார். கொத்தனாரை 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில் விடச் சொன்னார். ‘மோதி ராம் எதிர் மத்தியப் பிரதேச அரசு’ என்பது அந்த வழக்கின் பெயர். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வக்கீலிடம் சொல்லப் பயன்படும்.

கேட்ட கேள்வியின் தன்மையைக் கவனிக்க வேண்டும். பிறந்த ஊரிலேயே படித்து, பட்டம் வாங்கி, சொந்த வீட்டிலிருந்து சொந்தக் காரில் கோர்ட்டுக்குப் போய்வந்த ஒருவருக்குத் தமிழன் சாந்தினி சவுக்கில் பிடிபட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி தோன்றவே தோன்றாது. ஊர்வலத்துக்கு வந்தவனாக இருக்கலாம் என்று எழுதுகிற கை, ஊர்வலம் போனவர்களுக்காகக் கோர்ட்டில் வழக்காடிய கை. கட்சி வாடை கூடாது என்கிறவர்கள் இந்த வாடையைத்தான் கூடாது என்கிறார்களா?

அந்தத் தீர்ப்பு வந்த பிறகு நாற்பத்து நான்கு ஆண்டுகள் உருண்டன. 2023 ஜனவரி 31-ஆம் தேதி அதே உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட வேண்டி வந்தது. ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாத விசாரணைக் கைதிகள் நாடு முழுவதும் ஏறத்தாழ 5,000 பேர் இருப்பதாகத் தெரிய வந்திருந்தது. விடுதலை தாமதமாவதற்கு உள்ளூர் ஜாமீன்தாரரைக் கேட்டு வற்புறுத்துவதும் ஒரு காரணம், அந்த நிபந்தனையை விதிக்காமல் இருக்கலாம் என்று அந்த உத்தரவு சொல்கிறது. 1978-இல் கொதித்துக் கேட்டதை 2023-இல் ‘விதிக்காமல் இருக்கலாம்’ என்று மெதுவாகச் சொல்கிறார்கள்! இடையில் எத்தனை ஆயிரம் கொத்தனார்கள், எத்தனை சித்தாள்கள், எத்தனை இட்லி வியாபாரிகள் பணமில்லாத குற்றத்துக்காக உள்ளே கிடந்திருப்பார்கள்?

இது நமக்குத் தூரத்துக் கதையன்று. நம் குடியிருப்புகளில் இப்படிக் கஷ்டப்பட்ட குடும்பங்கள் ஒன்றிரண்டல்ல. புருஷனைப் பிடித்துக்கொண்டு போன மறுநாள் மனைவி கைக்குழந்தையோடு ஓடுகிறாள். ஜாமீன் கிடைத்துவிட்டது என்கிறார் வக்கீல். அடுத்த மூச்சில், இந்த ஊரில் வீடோ கடையோ பெயரில் உள்ள ஆள் வேண்டும், வரி ரசீது வேண்டும், இங்கத்து ரேஷன் கார்டு வேண்டும் என்கிறார். நம்மில் எத்தனை பேருக்கு இந்த ஊரில் பெயரில் சொத்து இருக்கிறது? ஊரில் இருக்கிற கால் ஏக்கர் புஞ்சைக்குப் பட்டா இருக்கிறது, அது இங்கே செல்லாதாம். இந்த நேரத்தில்தான் கோர்ட் வாசலில் ஜாமீன் தரகன் வருகிறான். பணத்தை வை, ஆளை நிறுத்துகிறேன் என்கிறான். தாலிச் சரடு அடகுக் கடைக்குப் போகிறது. சட்டம் கேட்ட ஆள் சொத்துக்காரன், வந்து நின்றவன் வாடகைக்குக் கிடைத்த பேர்வழி. இது எல்லாருக்கும் தெரியும், கோர்ட்டுக்கும் தெரியும். ஏழையின் வாக்குறுதியை நம்ப மாட்டோம், தரகன் கொண்டு வந்த போலியை நம்புவோம் என்பதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்ட இழுத்துச் செல்லப்படுகிற ஜவ்வாது மலை ஏழைகளை நினைத்துப் பாருங்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளரைச் சுட்டுப் போட்டார்கள். அது ஊரறிந்தது. சுடப்படாமல் பிடிபட்டவர்களின் கதியை யார் பேசினோம்? மொழி தெரியாத கோர்ட்டில், தெலுங்கில் எழுதிய தாளில் கைநாட்டு வைத்துவிட்டு, உள்ளூர் ஜாமீன் கேட்டால் மலையிலிருந்து யார் இறங்கி வருவார்கள்? மரத்தை வாங்கி விற்ற பெரிய மனிதனுக்கு ஜாமீன் நிற்க எந்த ஊரிலும் ஆள் உண்டு.

கிருஷ்ணய்யரின் மற்றத் தீர்ப்புகளை எல்லாம் இங்கே அடுக்கப் போவதில்லை. நம் வயிற்றோடு சம்பந்தப்பட்ட ஒன்றிரண்டைச் சொல்லாமலும் இருக்க முடியாது. கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிற்சாலை வழக்கு (1978) அதில் முதலாவது. கயிறு திரித்த தொழிலாளரை வேலைக்கு வராதே என்றார் முதலாளி. கேட்டால், இவர்கள் என் ஆட்களே அல்லர், கான்ட்ராக்டரின் ஆட்கள் என்று கையை விரித்தார். கிருஷ்ணய்யர் கேட்டார்: சரக்கு யாருடையது? கொட்டகை யாருடையது? கருவி யாருடையது? திரித்த கயிற்றைக் கொண்டு போய் விற்கிறவர் யார்? எல்லாம் முதலாளியே என்றால் நடுவில் நிற்கிற கான்ட்ராக்டர் வெறும் திரை. திரையை விலக்கிப் பார்த்தால் எஜமானர் தெரிவார். தொழிலாளியின் பிழைப்பு யார் கையில் இருக்கிறதோ அவரே முதலாளி என்று தீர்ப்பாயிற்று.

மேஸ்திரியின் பின்னால் வந்து, மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி, மேஸ்திரியின் நோட்டில் பெயர் ஏறி, கம்பெனியின் முகத்தையே காணாமல் கட்டடம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிற நம்மவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் எது? ஆனால் ஆயுதம் மழுங்கடிக்கப்பட்டது. ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டால் அந்தத் தொழிலாளரைத் தானாகவே நிரந்தரமாக்க வேண்டியதில்லை என்று 2001-இல் அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று 1979-இல் நாடாளுமன்றம் செய்த சட்டம் ஐந்து பேர் இருந்தாலே பொருந்தும் என்றது. 2020-இல் இயற்றிய புதிய தொகுப்புச் சட்டம் அதைத் தன்னுள் கரைத்துக்கொண்டு பத்துப் பேர் வேண்டும் என்கிறது. ஒன்பது பேராகக் கூட்டி வந்தால் போதும் என்று மேஸ்திரிக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரி வார்டு பையன், பள்ளிக்கூடப் பியூன் இவர்களும் தொழிலாளர் தகராறுச் சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவர்களே என்று ஆக்கிய பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கும் (1978) அவர் எழுதியதுதான். ரட்லாம் நகரசபை வழக்கைச் (1980) சொல்ல வாய் கூசுகிறது, நம் தெருவின் லட்சணம் அப்படி. திறந்த சாக்கடை, மலம், துர்நாற்றம் என்று மக்கள் முறையிட்டபோது நகரசபை பணமில்லை என்றது. பணமில்லை என்பது சாக்குப்போக்கு, சாக்கடையைக் கட்டு, கக்கூஸைக் கட்டு, கெடு இவ்வளவு என்று உத்தரவிட்டார். அந்தத் தீர்ப்புக்கும் ஆண்டுகள் நாற்பதுக்கு மேல் ஆகின்றன. தாராவியில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

அவரைக் கும்பிட்டுக் கற்பூரம் காட்டுவதற்காக நாம் எழுதவில்லை. அவரோடு நமக்குச் சண்டையும் உண்டு.

1975 ஜூன் 12-ஆம் தேதி அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் கோடை விடுமுறையில் இருந்தது, விடுமுறைக்கால நீதிபதி கிருஷ்ணய்யர். சட்ட மந்திரி கோகலே நேரில் பார்க்க விரும்பினார். வழக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள், என்னைப் பார்க்க வேண்டியதில்லை என்று மறுத்துவிட்டார். இந்த ஒரு காரியத்துக்காகவே, ஆட்சியாளர் தமக்கு வேண்டியவரை வைத்தார்கள் என்ற 1973-ஆம் ஆண்டுச் சந்தேகத்தைத் தள்ளுபடி செய்யலாம். ஆனால் 24-ஆம் தேதி அவர் கொடுத்த உத்தரவு அரைகுறையானது. பிரதமராக இருக்கலாம், நாடாளுமன்றத்தில் பேசலாம், உறுப்பினராக வாக்களிக்கக் கூடாது, சம்பளம் வாங்கக் கூடாது என்றார். தேர்தல் வழக்குகளில் இப்படி நிபந்தனையோடு தடை கொடுப்பது வழக்கம்தான், அதை மீறவில்லை என்பது அவர் கட்சி. வழக்கம் வேறு, நாடு நின்றிருந்த விளிம்பு வேறு. முழுத் தடையை மறுத்தவர் அரைத் தடையையும் மறுத்திருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். மறுநாள் இரவு அவசரநிலை வந்தது. அவர் மறுத்திருந்தால் அது வராமல் போயிருக்கும் என்று நாம் சொல்லவில்லை, அதை யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு சண்டை அவருடைய ஆங்கிலத்தோடு. அப்பப்பா! அவர் தீர்ப்பைப் படிக்க ஓர் அகராதி போதாது, இரண்டு வேண்டும். கொத்தனாருக்காக எழுதிய தீர்ப்பைக் கொத்தனாரின் வக்கீலே திக்கித் திணறித்தான் படித்திருப்பார். எந்த மொழியிலும் மனுக் கொடுக்கலாம் என்று சொன்னவர், பதிலை மட்டும் வித்துவான்களுக்கு எழுதினாரே என்று நமக்குக் குறை உண்டு. நாமாவது அந்தத் தீர்ப்பைத் தமிழில் பெயர்த்து வீட்டுக்கு வீடு கொடுத்தோமா என்று யாராவது கேட்டால், கேட்பது நியாயம்தான்.

சரி, அரசியலில் இருந்து வருகிற எல்லாரும் கிருஷ்ணய்யர் ஆவார்களா என்று கேட்கலாம். ஆக மாட்டார்கள். பஹருல் இஸ்லாம் என்று ஒருவர் இருந்தார். காங்கிரஸ் கட்சியின் ராஜ்யசபை உறுப்பினர், பின்பு கௌஹாத்தி உயர் நீதிமன்ற நீதிபதி, ஓய்வு பெற்ற பிறகு 1980-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி. 1983-இல் பதவியை ராஜினாமா செய்துவிட்டு அதே கட்சியின் சார்பில் மறுபடியும் ராஜ்யசபைக்குப் போனார். இவரும் அரசியல்வாதி, அவரும் அரசியல்வாதி. ஒருவர் சிறையிலிருந்தும் குடியானவன் வீட்டிலிருந்தும் அரசியலைக் கற்றார், மற்றவர் பதவிப் படிக்கட்டில் கற்றார். ஆகவே, ‘அரசியல் உண்டா இல்லையா’ என்று கேட்பதை விட்டுவிட்டு, யாருக்கு அருகில் நின்ற அரசியல் என்று கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். நீதிபதிக்கு அரசியல் கூடாது என்று முழங்குகிறவர்கள், ஓய்வு பெற்ற தலைமை நீதிபதிகள் அரசாங்கம் நீட்டும் பதவியில் உட்காரும்போது எங்கே போனார்கள்? 2014-இல் நம் ஈரோட்டுப் பக்கத்துக்காரரான சதாசிவம் தலைமை நீதிபதிப் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற அதே ஆண்டில் கேரள கவர்னர் ஆனார். தமிழர் ஒருவர் கவர்னர் ஆகிவிட்டார் என்று நம் சங்கங்கள் பலவற்றில் மகிழ்ச்சி பொங்கியது. 2019 நவம்பரில் ஓய்வு பெற்ற ரஞ்சன் கோகோய் 2020 மார்ச்சில் ராஜ்யசபை நியமன உறுப்பினர். அரசியலிலிருந்து நீதிமன்றத்துக்கு வருகிறவனின் பழைய கடன் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, சந்தேகப்பட்டு எடைபோடலாம். நீதிமன்றத்திலிருந்து பதவிக்குப் போகிறவர் நாற்காலியில் இருந்த கடைசி நாட்களில் என்ன கணக்குப் போட்டார் என்று யார் அறிவார்?

கிருஷ்ணய்யரும் ஓய்வுக்குப் பின் ஒரு பதவிக்கு நின்றார். அதை மறைக்கவில்லை. 1987-இல் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். எதிரே நின்றவர் ஆர். வெங்கட்ராமன், தஞ்சைச் சீமை ராஜாமடத்துக்காரர், அவரும் சென்னை வக்கீல், அவரும் தொழிலாளர் வழக்குகளில் பேரெடுத்தவர், ஆகஸ்டுப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். இரண்டு பேருமே வீட்டில் தமிழ் பேசியவர்கள்! ஆளும் கட்சியின் வாக்கு வெங்கட்ராமனுக்கு, தோற்பது நிச்சயம் என்று தெரிந்தே கிருஷ்ணய்யர் நின்றார், தோற்றார். ஆட்சியாளர் கொடுக்கிற பதவியை வாங்குவதற்கும், ஆட்சியாளரை எதிர்த்து நின்று தோற்பதற்கும் உள்ள வித்தியாசம் சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

இனி நம் காரியத்துக்கு வருவோம். ஏழைக்கு இலவச வக்கீல் என்பது கிருஷ்ணய்யர் ஓயாமல் வற்புறுத்திய விஷயம். 1973-இல் அவர் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது. 1978-இல் நம் மகாராஷ்டிரத்திலிருந்து போன ஒரு வழக்கில், சிறையில் இருப்பவனுக்குத் தீர்ப்பின் நகலையும் மேல்முறையீட்டுக்கு வக்கீலையும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்றார். அந்த வழியில் வந்ததுதான் 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் சட்டம். 1995-இல் நடைமுறைக்கு வந்தது. காவலில் இருப்பவர், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் இவர்களுக்கெல்லாம் வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஒவ்வொரு மாவட்டக் கோர்ட்டிலும் அதற்கு அலுவலகம் இருக்கிறது. தரகனிடம் போவதற்கு முன்னால் அங்கே போங்கள்.

ஜாமீனில் விடத்தக்க சிறு குற்றம் என்றால், ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டு வர முடியாதவரை ஏழை என்று கொண்டு சொந்த ஜாமீனில் விட வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டுத் திருத்தம். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அது இருக்கிறது. பெரிய குற்றமானாலும் வழியில்லாமல் இல்லை. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால் கோர்ட் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம். இவை 2023 உத்தரவில் உள்ளவை. கேட்காதவனுக்கு யாரும் கொண்டு வந்து கொடுக்க மாட்டார்கள்.

நம் வாசகர்களில் யாருக்காவது, கணவனோ மகனோ தம்பியோ ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருந்தால், அந்த உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வாருங்கள். ‘உள்ளூர்’ என்ற சொல் எந்த வரியில் இருக்கிறது என்று உட்கார்ந்து பார்ப்போம். மனுவைத் தமிழிலேயே எழுதுவோம்.